ரெஏம்: வேதாகமத்தின் ‘காண்டாமிருகம்’ உண்மையில் எந்த விலங்கு?

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில், பழைய ஏற்பாட்டின் ஒன்பது இடங்களில் காண்டாமிருகம் வருகிறது: எண்ணாகமம் 23:22, 24:8, உபாகமம் 33:17, யோபு 39:9, 10, சங்கீதம் 22:21, 29:6, 92:10, ஏசாயா 34:7. இந்த ஒன்பது இடங்களிலும் எபிரெய மூலத்தில் இருப்பது ஒரே சொல்தான்: ரெஏம். வேதபாட வகுப்புகளில் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் எழுகின்றன. எனக்குத் தெரிந்தவரை அவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ரெஏம் என்றால் என்ன?

காட்டுக்காளை. இன்னும் துல்லியமாகச் சொன்னால், இன்று உலகில் இல்லாத ஒரு காட்டு மாட்டினம். ஆங்கிலத்தில் ஆரோக்ஸ் என்று அழைக்கப்படுவது அதுதான். நம் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் மாட்டின் பூர்வ மூதாதை அது.

அதை எப்படி உச்சரிப்பது?

ரெ-ஏம். இரண்டு அசைகள், அழுத்தம் கடைசி அசையில். ரேஷ், ஆலெஃப், மேம் என்று மூன்று எழுத்துகள். நடுவில் இருக்கும் ஆலெஃபுக்குத் தனி ஓசை கிடையாது. தொண்டையில் ஒரு சின்ன நிறுத்தம் மட்டும்தான். அதனால் சில இடங்களில் அந்த எழுத்தே விழுந்துவிடுகிறது: யோபு 39:9இல் அது இல்லாமல் ‘ரேம்’ என்றும், சங்கீதம் 22இல் பன்மையில் ‘ரேமீம்’ என்றும் எழுதப்பட்டிருக்கிறது. சொல் ஒன்றே, எழுத்துக்கூட்டல்தான் வேறு.

காண்டாமிருகம் இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?

முதலில் வேதாகமத்துக்குள்ளேயே பார்ப்போம். உபாகமம் 33இல் மோசே யோசேப்பின் கோத்திரத்தை ஆசீர்வதிக்கிறார். அவனுடைய அலங்காரம் தலையீற்றுக் காளையின் அலங்காரம் போன்றது என்கிறது முதல் அடி. அவன் கொம்புகள் ரெஏமின் கொம்புகள் என்கிறது அடுத்த அடி. எபிரெயக் கவிதையில் ஒரு அடி சொன்னதை அடுத்த அடி கொஞ்சம் உயர்த்திச் சொல்லும். வீட்டுக் காளையைச் சொன்ன வாய் உடனே காட்டுக்காளைக்குத் தாவுவது இயல்பானது. அதோடு, இங்கே ரெஏம் ஒருமை, கொம்புகள் பன்மை. ஒரு விலங்கு, பல கொம்புகள். அந்தக் கொம்புகள் யார் என்பதையும் வசனமே சொல்லிவிடுகிறது: எப்பிராயீமும் மனாசேயும். யோசேப்பின் இரண்டு மகன்கள், ஒரே தலையின் இரண்டு கொம்புகள். ஒற்றைக் கொம்புள்ள விலங்கை அங்கே வைத்தால் உவமையே உடைந்துபோகும்.

சங்கீதம் 29இலும் அப்படித்தான். கர்த்தருடைய சத்தத்தில் லீபனோன் கன்றுக்குட்டியைப் போலத் துள்ளுகிறது. சீரியோன், அதாவது எர்மோன் மலை, ரெஏமின் குட்டியைப் போலத் துள்ளுகிறது. பால் குடித்து முடித்த கன்றை அவிழ்த்துவிட்டால் அது என்ன செய்யும் என்று பார்த்திருப்பீர்கள். வாலைத் தூக்கிக்கொண்டு, நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்ப, காரணமே இல்லாமல் முற்றத்தைச் சுற்றி ஓடும். மலை அப்படித் துள்ளியது என்கிறார் சங்கீதக்காரர். ஏசாயா 34:7இலும் ரெஏமுக்குப் பக்கத்தில் நிற்பவை காளைகளும் எருதுகளும்தான்.

இனி அண்டை மொழிகள். பாபிலோனியரும் அசீரியரும் பேசிய அக்காடிய மொழியில் இதே சொல் ‘ரீமு’. அதன் பொருள் காட்டுக்காளை என்பதில் ஐயமே இல்லை. அசீரிய அரசன் முதலாம் திக்லத் பிலேசர் (கி.மு. 1114–1076) தன் கல்வெட்டில், பாலைநிலத்தில் நான்கு காட்டுக்காளைகளை வேட்டையாடியதைப் பெருமையாகப் பதிவு செய்திருக்கிறான். பின்னால் வந்த அசீரிய அரசன் இரண்டாம் அஷூர்நசீர்பாலின் நிம்ருத் அரண்மனைச் சுவரில் இத்தகைய வேட்டை சிற்பமாகவே இருந்தது. இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தேரில் நிற்கும் அரசன் திரும்பி, பின்னால் பாய்ந்து வரும் காளையின் கொம்பை ஒரு கையால் பற்றியிருக்கிறான்.

என்னை மிகவும் அசைத்த சான்று சிரியாவின் கடற்கரையிலிருந்து வருவது. ராஸ் ஷம்ராவில் 1929இல் தொடங்கிய அகழாய்வு உகரித் என்ற பழைய நகரத்தையும் அதன் களிமண் பலகைகளையும் வெளியே கொண்டுவந்தது. எபிரெயத்துக்கு மிக நெருங்கிய மொழி அது. பாகால் தெய்வமும் மரணத் தெய்வமான மோத்தும் மோதும் காட்சியில், அவர்கள் காட்டுக்காளைகளைப் போல முட்டிக்கொண்டார்கள் என்று வருகிறது. காட்டுக்காளைக்கு அங்கே உள்ள சொல் ரெஏமின் உடன்பிறப்பு. முட்டுவதற்கு அங்கே உள்ள வினைச்சொல், உபாகமம் 33:17இல் யோசேப்பு ஜனங்களை முட்டித் துரத்துவான் என்னும்போது வரும் அதே வினைச்சொல். அந்த நிலத்து மக்கள் வாயில் அந்த விலங்கும் அந்த வினையும் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

யோபு 39இல் கடவுள் ஏன் ஏர் பூட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்?

இந்தச் சொல்லை நான் தேடிப் போனதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். கேட்டவர் என் தாத்தா.

அவர் நெல்லைப் பக்கம் இரண்டு ஏர் வைத்து உழுதவர். இரவில் குடும்ப ஜெபத்தில் யோபு வாசித்துக்கொண்டிருந்தபோது 39ஆம் அதிகாரத்தில் நிறுத்திவிட்டார். “காண்டாமிருகத்துக்கு ஏர் பூட்டுவாயா என்று ஆண்டவர் கேட்கிறார். எவனாவது பூட்டலாம் என்று நினைப்பானா? நினைக்காததை எதற்குக் கேட்க வேண்டும்?” என்றார். சிங்கத்தைப் பால் கறப்பாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் அதில் சவால் இல்லை. பிறகு அவரே, “இது மாட்டைப் பற்றிய பேச்சு மாதிரி இருக்கிறதே, ஐயா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போது பதினோரு வயது. எபிரெயம் என்ற மொழி இருப்பதே எனக்குத் தெரியாது. அவருக்கும் ஒரு எழுத்து தெரியாது.

அவர் சொன்னது சரி. யோபு 39:9–12ஐ மூலத்தில் வாசித்தால், ஒரு விவசாயியின் ஒரு வருட வேலை வரிசையாக வருகிறது. ரெஏம் உனக்கு வேலை செய்யச் சம்மதிக்குமா, உன் தொழுவத்தில், தீவனம் வைக்கும் காடியின் அருகே இரவு தங்குமா? அதைக் கயிற்றால் கட்டிப் படைச்சாலில் நடத்துவாயா? உன் பின்னே வந்து பள்ளத்தாக்கு நிலத்தைப் பரம்படிக்குமா? அதற்குப் பலம் அதிகம் என்பதற்காக உன் உழைப்பை அதனிடம் ஒப்படைப்பாயா? விளைந்த தானியத்தை உன் களத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்புவாயா? தொழுவம், கயிறு, சால், பரம்பு, களம் எல்லாம் மாட்டின் உலகம்.

கடவுள் காட்டும் விலங்கு பார்வைக்கு மாடுதான். அதே முகம், அதே குளம்பு, அதே கழுத்து. நுகத்தடி வைக்க அளவெடுத்தது போன்ற தோள். யோபுவோ ஐந்நூறு ஏர்மாடு வைத்திருந்தவர் என்று அதே புத்தகத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. மாடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவரிடம், உன் மாடுகளைப் போலவே இருக்கிற, அவற்றைவிடப் பல மடங்கு பலமுள்ள இந்த ஒன்றை உன்னால் பழக்க முடியுமா என்று கேட்கும்போதுதான் கேள்வி தைக்கிறது. ஆசை காட்டி, கைக்கெட்டாமல் நிறுத்துகிறது.

இதற்கு யோபு புத்தகத்தை அறியாத ஒரு சாட்சியும் உண்டு. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், கால் என்ற நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நடத்திய போர்களைப் பற்றிய தன் நூலின் ஆறாம் பகுதியில் ஜெர்மானியக் காடுகளின் இந்தக் காளைகளை விவரிக்கிறார். யானையைவிடச் சற்றுச் சிறியவை, தோற்றமும் நிறமும் வடிவமும் காளையினுடையவை, குட்டியாகவே பிடித்தாலும் மனிதருக்குப் பழகாதவை என்பது அவருடைய குறிப்பு.

தாத்தா அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘காட்டு மாடோ?’ என்று எழுதி வைத்தார். அந்த வேதாகமம் இன்று என்னிடம் இருக்கிறது. பெரிய அகராதிகளைப் புரட்டி நான் வந்து சேர்ந்த இடத்துக்கு, ஏர் பிடித்த கை எனக்கு முன்பே வந்திருந்தது.

அப்படியானால் ஒற்றைக் கொம்பு எங்கிருந்து முளைத்தது?

கிரேக்கத்திலிருந்து. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி, யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். செப்டுவஜிந்த் என்பது அதன் பெயர். அவர்கள் ரெஏமுக்குப் போட்ட சொல் ‘மோனோகெரோஸ்’, ஒற்றைக் கொம்பன். ஏசாயாவில் மட்டும் வேறு வார்த்தை போட்டுக் கடந்துவிட்டார்கள். பிறகு லத்தீனில் பெயர்த்த ஜெரோம் இரண்டாகப் பிரிந்தார்: எண்ணாகமம், உபாகமம், யோபு ஆகியவற்றில் ‘ரினோசெரோஸ்’, அதாவது காண்டாமிருகம், சங்கீதத்திலும் ஏசாயாவிலும் ‘யூனிகோர்னிஸ்’. லூத்தரின் ஜெர்மானிய வேதாகமம் ஒற்றைக் கொம்பனை எடுத்துக்கொண்டது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமும் அப்படியே. ஆனால் அந்த ஆங்கிலப் பெயர்ப்பாளர்கள் உபாகமம் 33:17இல் திண்டாடியிருக்கிறார்கள்: ஒற்றைக் கொம்பனுக்கு எப்படிக் கொம்புகள்? ஆகவே விலங்கைப் பன்மையாக்கி ‘ஒற்றைக் கொம்பன்களின் கொம்புகள்’ என்று எழுதினார்கள். மூலத்தில் ஒருமைதான் என்பதை ஓரக்குறிப்பில் நேர்மையாகக் காட்டியும் வைத்தார்கள். 1885இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பில்தான் அது காட்டுக்காளையாக மாறியது.

முதல் கிரேக்கப் பெயர்ப்பாளர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? ஒற்றைக் கொம்பு விலங்கைப் பற்றிய பேச்சு கிரேக்க உலகில் ஏற்கெனவே இருந்தது. கி.மு. 400ஐ ஒட்டி, பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த தெசியாஸ், இந்தியாவில் ஒற்றைக் கொம்புள்ள காட்டுக் கழுதைகள் உண்டு என்று எழுதினார். நம் நாட்டுக் காண்டாமிருகத்தின் செய்தி பல வாய் மாறி அவரை அடைந்திருக்க வேண்டும். இன்னொரு விளக்கம் சிற்பங்களைச் சார்ந்தது. பாபிலோனில் இரண்டாம் நேபுகாத்நேச்சார் கட்டிய இஷ்தார் வாசலில் நீல ஓடுகளின் மேல் காளைகள் வரிசையாக நடக்கின்றன. இன்று அந்த வாசல் பெர்லினில் இருக்கிறது. பக்கவாட்டில் காட்டியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவது ஒரு கொம்பு மட்டும். விலங்கை நேரில் பார்த்திராதவர்கள் இத்தகைய படங்களைக் கொண்டு ஒற்றைக் கொம்பு என்று எண்ணியிருக்கலாம் என்கிறார்கள். இது ஊகம்தான். ஆனாலும் அந்தக் காளைகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விளக்கம் நினைவுக்கு வரும்.

வேதாகமம் கற்பனை மிருகத்தை நம்பியது என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. எபிரெய மூலத்தில் ஒற்றைக் கொம்பன் இல்லை. அது மொழிபெயர்ப்பில் நுழைந்தது.

தமிழில் காண்டாமிருகம் என்று ஏன் போட்டார்கள்? புதிய மொழிபெயர்ப்புகள் என்ன சொல்கின்றன?

இன்று பழைய மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்வது ஹென்றி போவர் தலைமையில் ஒரு குழு உழைத்து உருவாக்கி 1871இல் வெளியான பதிப்பின் வழி வருவது. லத்தீன் மரபில் ‘ரினோசெரோஸ்’ ஏற்கெனவே இருந்தது. ஒற்றைக் கொம்பு என்றால் இந்திய வாசகர் மனத்தில் நிற்கும் நிஜ விலங்கும் அதுதான். இல்லாத கற்பனை மிருகத்தைத் தமிழருக்குக் கொடுக்காமல் உயிருள்ள ஒன்றைக் கொடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அசீரியக் கல்வெட்டுகளைப் படிக்கும் வழி அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. உகரித் இன்னும் மண்ணுக்கடியில் இருந்தது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, சங்கீதங்களில் இதைக் ‘காட்டெருமை’ என்று மாற்றியிருக்கிறது. மாட்டினத்துக்குள் வந்துவிட்டது என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. காட்டெருமை என்றதும் நம் மக்கள் நினைப்பது கொடைக்கானலிலும் குன்னூரிலும் தேயிலைத் தோட்டங்களுக்குள் வந்து நிற்கும் விலங்கை. அது எருமையே அல்ல, காட்டு மாடு. ரெஏமுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற வேறு இனம். சங்கத் தமிழ் அதை ஆமா என்று அழைத்தது. திருமுருகாற்றுப்படையின் இறுதியில், அருவி விழும் பழமுதிர்சோலை மலையில் ‘ஆமா நல் ஏறு சிலைப்ப’ என்று வருகிறது. காட்டு ஆவின் ஏறு முழங்குகிறது. இத்தனை கம்பீரமான சொல் கைவசம் இருந்தும் பேச்சில் அதை இழந்துவிட்டோமே என்று எனக்கு வருத்தம். ஆனால் இனம் வேறு என்பதால் ரெஏமுக்கு அதைப் போடச் சொல்லமாட்டேன். என் தேர்வு ‘காட்டுக்காளை’. வாசித்தவுடன் விளங்கும், தவறும் இல்லை.

அந்தக் காளை எப்படி இருந்தது? இப்போது எங்காவது உண்டா?

கிடாரிகளும் பசுக்களும் செம்பழுப்பு. வளர்ந்த காளை கறுப்பு, முதுகுத்தண்டின் நீளத்துக்கு ஒரு வெளிறிய கோடு. திமில் கிடையாது. பெரிய காளைகளின் தோள் உயரம் 180 சென்டிமீட்டர் வரை போனது. ஏறக்குறைய ஆறடி ஆள் பக்கத்தில் நின்றால் அவருடைய தலையும் மாட்டின் தோளும் ஒரே மட்டம். மாட்டின் தலையும் கொம்பும் அதற்கு மேலே. கொம்புகள் 80 சென்டிமீட்டர் வரை நீண்டு, வெளியே விரிந்து முன்னோக்கி வளைந்து, நுனியில் உள்ளே திரும்பும்.

இஸ்ரேல் நிலத்தில் அது இருந்ததற்கு எலும்புகளே சாட்சி. வடக்கே ஹிலாசோன் தக்தித் குகையில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கூடி விருந்துண்ட இடத்தில் இந்த மாடுகளின் எலும்புகள் கிடைத்துள்ளன.

இப்போது எங்கும் இல்லை. மேய்ச்சல் நிலம் வயலாக மாறியது, வேட்டை ஓயவில்லை. கடைசியாகத் தெரிந்த பசு, போலந்தின் யாக்டோரூவ் காட்டில் 1627இல் இறந்தது. அரசர்கள் காவலர்களை வைத்துப் பாதுகாத்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆங்கில வேதாகமம் ஒற்றைக் கொம்பன் என்று அச்சேறிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரெஏமின் கடைசி உயிர் அதுவரை ஒரு காட்டில் புல் மேய்ந்துகொண்டிருந்தது என்பதை என்னால் எளிதாகக் கடக்க முடிவதில்லை.

“என் கொம்பை உயர்த்துவீர்” என்றால் என்ன பொருள்?

சங்கீதம் 92:10. எபிரெய வேதத்தில் இது 11ஆம் வசனம், தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணுவதால். மூலத்தில் ‘வத்தாரெம் கிர்ஏம் கர்னீ’ என்று ஒலிக்கும். ‘தாரெம்’ என்றால் உயர்த்தினீர், ‘ரெஏம்’ காளை. இரண்டும் காதில் ஒன்றோடொன்று மோதும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; எந்த மொழிபெயர்ப்பிலும் அது கிடைக்காது.

கொம்பு என்பது பலம், மரியாதை. தமிழனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. “அவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?” என்று நாமும்தானே கேட்கிறோம். சண்டையில் ஜெயித்த காளை தலையைத் தூக்கி நிற்பதுதான் இங்கே படம்.

தாவீது ரெஏமின் கொம்பில் சிக்கிக்கொண்ட கதை ஒன்று உண்டாமே?

உண்டு, வேதத்தில் அல்ல, யூத ரபிகளின் வேத விளக்கத் தொகுப்பான மித்ராஷில். சங்கீதம் 22:21 சிங்கத்தின் வாயையும் ரெஏமின் கொம்புகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்குக் கதையே பதில். ஆடு மேய்க்கும் சிறுவன் தாவீது ஒரு மலையைக் கண்டு ஏறுகிறான். அது மலை அல்ல, உறங்கும் ரெஏம். அது விழித்து எழுந்ததும் தாவீது வானத்தளவு உயரத்தில் கொம்புகளிடையே இருக்கிறான். இறக்கிவிட்டால் இந்தக் கொம்பின் அளவுக்கு உமக்கு ஆலயம் கட்டுவேன் என்று வேண்டுகிறான். கடவுள் ஒரு சிங்கத்தை அனுப்புகிறார். மிருகங்களின் அரசனைக் கண்ட ரெஏம் பணிந்து குனிய, தாவீது இறங்குகிறான். இறங்கியவன் எதிரில் சிங்கம்! உடனே ஒரு மான் குறுக்கே ஓட, சிங்கம் அதைத் துரத்திப் போகிறது.

ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூலான தல்மூதிலும் இது பேருருவம்தான். பிறந்து ஒரு நாளே ஆன ரெஏம் குட்டி தாபோர் மலையளவு இருந்ததைக் கண்டதாக ஒரு ரபி சொல்கிறார். அப்படியானால் நோவாவின் பேழைக்குள் அது எப்படி நுழைந்திருக்கும் என்று விவாதம் நடக்கிறது. மூக்கை மட்டும் உள்ளே நுழைத்தார்கள் என்பது ஒரு பதில். விலங்கைக் காண முடியாத தலைமுறைகளிடம் அதன் பெயர் மட்டும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

செய்திகளில் வரும் ரெயிம் என்ற இஸ்ரேலிய ஊர் இந்தச் சொல்லா?

இல்லை. அது ஐன் என்ற வேறு எழுத்தால் எழுதப்படுவது. ‘நண்பர்கள்’ என்று பொருள். இடியைக் குறிக்கும் ‘ரஅம்’ என்ற சொல்லும் ஐன் எழுத்துதான். தமிழில் எழுதும்போது எல்லாம் ஒன்றுபோல் தெரிவதால் இந்தக் குழப்பம்.

இன்றைய இஸ்ரேலில் ஒரு குழந்தையிடம் ரெஏமைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டும்?

ஓரிக்ஸ் என்ற மான்போன்ற விலங்கை. அரபு மொழியில் இதன் இனச்சொல்லான ‘ரிம்’ வெள்ளை மானைக் குறிக்கிறது. அதை வைத்து, வேதாகம ரெஏமும் ஓரிக்ஸ்தான் என்று ஒரு காலத்தில் வாதிட்டவர்கள் உண்டு. நீண்ட நேரான கொம்புகள், வெள்ளை உடல், பக்கவாட்டில் பார்த்தால் ஒரே கொம்பாகத் தெரியும் தோற்றம் எல்லாம் அந்த வாதத்துக்கு உதவின. ஓரிக்ஸுக்கு ஏர் பூட்டுவதைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை என்பதால் யோபு 39 முன்னால் அந்த வாதம் நிற்காது. ஆனால் நவீன எபிரெயம் அந்தப் பெயரை ஓரிக்ஸுக்கே கொடுத்துவிட்டது. அரேபிய ஓரிக்ஸ் இன்று ‘ரெஏம் லவான்’, வெள்ளை ரெஏம். பழைய காட்டுக்காளையைச் சொல்ல வேண்டுமானால் ‘ஷோர் ஹபார்’ என்கிறார்கள்: காட்டு எருது.